காண்ட்ராவும் கடன் வாங்கிய உயிரும்

இன்னிக்கு ஒரு கொசுவத்தி. :-) வீடியோ கேம்னாலே பசங்க தனியா உக்காந்து கெட்டுப் போறாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. எங்க மணவூர்ல அது எடுபடாது. தொண்ணூறுகளில் ஒரு டிவி முன்னாடி பத்து பேர் இருப்போம். ஆடுறது ரெண்டு பேர், மிச்ச எட்டும் வாயாலயே ஆடும்.

சேர்ந்து ஆடுறது புதுசில்லை. நாலு பேர் ஆடும் 'காண்ட்லெட்'டை அடாரி 1985லயே ஆர்க்கேடுக்குக் கொண்டு வந்தாச்சு. ஜப்பான்ல 1983ல வந்த நின்டெண்டோ ஃபேமிகாமோட நகல்கள்தான் நமக்குக் கிடைச்சது. சாமுராய், லிட்டில் மாஸ்டர், அப்புறம் பேரே இல்லாத சீனச் சரக்கு.

அதுல ராஜா 'காண்ட்ரா'. கொனாமி 1987ல ஆர்க்கேடுக்கும் 1988ல வீட்டுப் பெட்டிக்கும் விட்டது. ஆளுக்கு மூணே உயிர். மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ அமுக்கினா முப்பது! கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் 'கிராடியஸ்' கேமைச் சோதிக்கிறது கஷ்டமா இருக்குன்னு தனக்காக வெச்ச குறுக்குவழி. தமிழ் வீடு, தெலுங்கு வீடு வித்தியாசமில்லாம எல்லாருக்கும் மனப்பாடம். (திருத்தணியே 1960 ஏப்ரல்லதானே ஆந்திராவுல இருந்து இந்தப் பக்கம் வந்துச்சு.)

மூணாவது ஸ்டேஜ் அருவி. ஒருத்தன் வேகமா மேல தாவினா திரையும் கூடவே ஏறும், கீழ நிக்கறவன் காலி. எதிரியே வேணாம், கூட்டாளி போதும். என் ஜோடி "ஆகுரா! ஆகுரா!"ன்னு கத்துவான். எனக்குத் தெரிஞ்ச முதல் தெலுங்கு வார்த்தை அதுதான்.

அதைவிட மோசம், உயிர் தீர்ந்தவன் ஏ பட்டனை அமுக்கினா கூட்டாளி கணக்குல இருந்து ஒண்ணை எடுத்துக்கலாம். அப்படி எடுத்ததுக்காக அவன்கிட்ட ஒரு வாரம் பேசல. அப்புறம் "கேட்டுட்டுதான் எடுக்கணும்"னு சட்டம் போட்டோம். கேம்ல இல்லாத சட்டம், ஆனா ஊரே மதிச்சது.

இப்ப அக்கா பையனுக்குப் பப்ஜி. நாலு பேர் குழு. அடிபட்டு விழுந்தவனைக் கூட்டாளி பக்கத்துல வந்து தூக்கி விடணும். 2020 செப்டம்பர்ல தடை போட்டப்ப (2021ல பிஜிஎம்ஐன்னு வேற பேர்ல திரும்பிடுச்சு) அவன் துப்பாக்கிக்காக அழல. ராத்திரி ஹெட்போன்ல வர்ற மூணு குரலுக்காக அழுதான். அதுல ஒருத்தன் நெல்லூர்க்காரனாம், இன்னும் நேர்ல பாத்ததில்ல.