உண்டிச்சாலையும் உடனுண்டலும்

விலைக்கு உண்டி விற்றல் தமிழகத்திற்குப் புதிதன்று. அப்பம் சுட்டு விற்போரைக் 'கூவியர்' என்னும் பெயரால் பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் குறிக்கின்றன. சிலப்பதிகாரம் அவரைப் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்துள் வைத்துக் கூறுகின்றது. ஆயின், உண்டி விற்றல் வேறு. பலரும் ஓரிடத்து ஒப்ப அமர்ந்து உண்டல் வேறு. முன்னது பழமையுடைத்து, பின்னது அண்மைக் காலத்தது. இவ்வேறுபாட்டை ஈண்டு ஆராய்வாம்.

வழிப்போக்கர்க்குச் சத்திரங்கள் சோறிட்டன. ஆண்டும் பந்தி பெரும்பாலும் சாதிவழிப் பிரிந்தே நின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிறுநகர்களிலும் பரவிய காபிக் கிளப்புகள் காசுக்கு உண்டி விற்றன. எனினும், அவற்றுட் பலவற்றில் பிராமணர்க்குத் தனியிடம் இருந்தது. ஆதிதிராவிடர்க்கு நுழைவே மறுக்கப்பட்டது. இரயில் நிலைய உண்டிச்சாலைகளில் நிலவிய தனிப்பந்தி, பெரியார் முதலியோர் எதிர்ப்பின் பயனாக 1941இல் நீக்கப்பட்டது. சாதி முதலியன காட்டி எவரையும் பொது உணவகத்தில் தடுத்தலாகாது என 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு விதித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமோ, உணவகத்துப் பொதுப் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் விதந்து கூறிற்று.

பாத்திரத்தை விதந்து கூறியது என்னை? வாயில் திறப்பினும் வேற்றுமை குவளையில் தங்கும் என்பது பற்றி எனலாம். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அச்சட்டத்திற்குப் பின்னரும் பல்லாண்டு நீடித்தமை இதனை வலியுறுத்தும். ஆகவே, உண்டிச்சாலை வரலாறு எழுதப் புகுவார், உண்டி வகைகளை எண்ணுதலோடு அமையாது, யாவர் எவ்விடத்து அமர்ந்தனர், எக்குவளையிற் பருகினர் என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும்.