விளையாட்டின் நடுவே நிலைகுலையும் மேசைக் கணினி

இயங்கிக்கொண்டிருக்கும் கணினி திடீரென உறைந்து நிற்பதும், நீலத்திரையைக் காட்டி நின்றுவிடுவதும், எந்த அறிவிப்பும் இல்லாமல் அணைந்து தானாகவே மீண்டும் தொடங்குவதும் நிலைகுலைவு எனப்படும். நாள் முழுதும் எழுத்துப் பணிக்கும் இணைய உலாவலுக்கும் குறையின்றி ஒத்துழைக்கும் மேசைக் கணினி, முப்பரிமாண விளையாட்டைத் தொடங்கிய சில நிமிடங்களில் மட்டும் இவ்வாறு குலைவது பரவலாகக் காணப்படும் பழுதாகும். விளையாட்டின் மீதே பழி விழுவது வழக்கமாயினும், பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ராம் நினைவகம், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். ஆகிய அனைத்தையும் ஒரே வேளையில் கடுமையாக வேலை வாங்கும் சுமையாக விளையாட்டு அமைவதால், அவற்றுள் முன்பே நலிந்திருந்த உறுப்பு அப்போது வெளிப்படுகிறது என்பதே பெரும்பாலும் உண்மை. நலிந்த உறுப்பு ஒன்றாகவும் திரையில் தோன்றும் பிழைச்செய்தி சுட்டுவது வேறொன்றாகவும் இருப்பது இப்பழுதின் பெரும் சிக்கலாகும்.

எந்த வகையில் குலைந்தது என்பதே முதல் தடயம். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு முகப்புத்திரை திரும்பி வந்தால் விளையாட்டின் கோப்புகள், கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளாகிய டிரைவர், ராம் ஆகியவற்றில் ஒன்றை ஐயுறலாம். நீலத்திரை தோன்றினால் விண்டோஸ் இயங்குதளம் தவற்றை உணர்ந்து, தானே நின்றிருக்கிறது என்று பொருள். திரை இருண்டு கணினி நொடிப்பொழுதில் மறுதொடக்கம் ஆனால், தவற்றைப் பதிவுசெய்யக்கூட இயங்குதளத்துக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்னும் பதிவைக் கண்டதும் எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று முடிவுகட்டுவோர் பலர். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அப்பதிவு எதையும் சொல்வதில்லை. எனினும் அதனுள் பிழைக்குறியீட்டுக்குரிய இடத்தில் பூச்சியம் இருந்தால், நீலத்திரைக்கான குறிப்பு எதுவும் பதிவாகாமலே கணினி நின்றிருக்கிறது என்பதால், மின்வழங்கலின் மீதான ஐயம் வலுப்பெறுகிறது. ‘டபிள்யூ.ஹெச்.இ.ஏ.’ என்று தொடங்கும் பதிவுகள் வன்பொருளே தன் பிழையை அறிவித்ததைக் காட்டுவன. கிராபிக்ஸ் கார்டு 2 நொடிகளுக்குள் பதிலளிக்காவிட்டால் டிரைவரை மீட்டமைக்கும் ஏற்பாடு விண்டோஸ் விஸ்டா முதல் உள்ளது. அம்மீட்டமைப்பு தோற்கும்போதும் நீலத்திரை தோன்றும்.

மின்வழங்கல் தனிக் கவனத்துக்குரியது. எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட் மின்னழுத்தம் 11.4 முதல் 12.6 வரை ஏறி இறங்கலாம் என்பது மேசைக் கணினி மின்வழங்கலுக்கான ஏ.டி.எக்ஸ். தரவரையறையின் நெடுநாள் வரம்பு. கிராபிக்ஸ் கார்டின் தேவை சீரானதன்று. காட்சி மாறும் கணத்தில், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு, அதன் மின்னுகர்வு குறிக்கப்பட்ட அளவைப் பெரிதும் விஞ்சி எழும்பும். சராசரிக் கணக்கில் போதுமானதாகத் தோன்றும் எஸ்.எம்.பி.எஸ். இந்த எழுச்சியை மிகைச்சுமை எனக் கருதிப் பாதுகாப்புக்காக அணைந்துவிடுவதுண்டு. தன் வரையளவின் இருமடங்கு எழுச்சியை 100 மைக்ரோநொடி வரை தாங்க வேண்டும் என்று 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரவரையறை விதித்தது இதனால்தான். இணைப்புக் கம்பிகளையும் பார்க்க வேண்டும். 8 முள் இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட் வரை கொண்டுசெல்ல வரையறுக்கப்பட்டது. ஒரே கம்பியின் நுனியில் தொங்கும் இரண்டு இணைப்புகளையும் ஒரு கார்டிலேயே செருகினால், முழுச் சுமையும் அந்த ஒரு கம்பியின் மீது விழும். தனித்தனிக் கம்பிகளை இழுத்துச் செருகியதும் பழுது அகன்றுவிடுவது உண்டு. யு.பி.எஸ். வழியே இயக்குவோர் அதன் திறனையும் கவனிக்க வேண்டும்: 600 வி.ஏ. என்று குறிக்கப்பட்ட வீட்டு யு.பி.எஸ். பல, 360 வாட் அளவே தரக்கூடியவை, ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு ஒன்றே 450 வாட் கேட்கும். ஆதலால் கணினியைக் குறை சொல்லுமுன், யு.பி.எஸ்-ஐ விலக்கிச் சுவர் இணைப்பில் நேரடியாக இயக்கிப் பார்ப்பது நன்று.

வெப்பத்தால் வரும் குலைவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: தொடங்கி பத்து இருபது நிமிடங்கள் கழிந்த பின்னரே அது நிகழும், கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டால் தள்ளிப்போகும். இன்றைய பிராசசர்கள் ஏறத்தாழ 95 முதல் 100 பாகை செல்சியஸை எட்டும்போது அணைவதற்கு முன் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வதால், விளையாட்டு முதலில் தடுமாறும். பிறகே கணினி நிற்கும். விசிறியைக் கழற்றினால், அதற்கும் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளித் துணிபோல் படிந்து காற்றின் வழியை முற்றாக அடைத்திருப்பதைப் பல கணினிகளில் காணலாம். விசிறி நன்றாகச் சுழல்வதால் மேலிருந்து பார்ப்பவருக்கு இது புலப்படுவதில்லை.

ராம் நினைவகத்தைப் பொறுத்தவரை, பெட்டியில் அச்சிடப்பட்ட வேகம் அடிப்படை வேகமன்று. அதை அடைய, கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரலாகிய பயாஸில் இயக்கப்படும் எக்ஸ்.எம்.பி. அமைப்பு ஒருவகை ஓவர்கிளாக்கே, அதாவது தரப்படுத்திய வேகத்தை மீறி இயக்குவதே. அதை நிறுத்திவிட்டு விளையாடிப் பார்ப்பதற்குச் செலவில்லை. குலைவு நின்றால் காரணம் தெளிவாகிவிடும். நிற்காவிடில் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை இரவு முழுதும் ஓடவிட்டு, பிழை ஒன்றே வந்தாலும் அதைப் பொருட்படுத்த வேண்டும். பழுதுபார்ப்போர் ராமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் செருகுவது கைவழக்கம். தொடுமுனையில் படிந்த அழுக்கே காரணமாயின் அது பயன் தரும்.

சோதிக்கும்போது ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிரேம் வேகத்துக்கு, அதாவது ஒரு நொடியில் வரையப்படும் படங்களின் எண்ணிக்கைக்கு, 60 என வரம்பு வைத்ததும் குலைவு நின்றால் ஐயம் மின்சாரம், வெப்பம் ஆகிய இரண்டின் பக்கம் சாயும். வரம்பற்ற வேகம் எளிய காட்சியிலும் கார்டை வருத்தக்கூடும். 2021-இல் ‘நியூ வேர்ல்ட்’ விளையாட்டின் முன்னோட்டத்தின்போது ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் சில பழுதடைந்ததை அடுத்து, அதன் மெனுத் திரைக்கே பிரேம் வரம்பு விதிக்கப்பட்டது.

பிழைச்செய்தி வழிதவறச் செய்ததற்குச் சிறந்த சான்று இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களைப் பற்றியது. அன்ரியல் என்ஜின் என்னும் விளையாட்டு உருவாக்க மென்பொருளில் அமைந்த விளையாட்டுகள், காட்சிக்கு ஒளியும் நிறமும் கணக்கிடும் சிறு நிரல்களாகிய ஷேடர்களைத் தொகுக்கும் கட்டத்தில், ‘கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை’ என்று அறிவித்து மூடிக்கொண்டன. செய்தியை நம்பி கிராபிக்ஸ் கார்டை மாற்றியவருக்குப் பயன் கிட்டவில்லை. பிராசசரின் உச்ச வேகத்தைப் பயாஸில் சற்றே குறைத்தவர்களுக்குப் பல நேரங்களில் விளையாட்டு ஓடியது. சுருக்கப்பட்ட தரவை விரிக்கும்போது பிராசசர் தவறான விடையைத் தந்தது. தவறு கண்டறியப்பட்ட இடம் மட்டுமே கிராபிக்ஸ் பகுதி. அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தாலும் வெப்பத்தாலும் பிராசசருக்குள் கடிகாரத் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்று மூப்படைவதே காரணம் என்று 2024-இல் இன்டெல் விளக்கி, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகோடை, அதாவது பிராசசரின் உள்நடத்தையை நெறிப்படுத்தும் நிரலை, பயாஸ் புதுப்பிப்புகளின் வழியே அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் வெளியிட்டது. அந்நிரல் இனி நேரவிருக்கும் தேய்வைத் தடுக்குமேயன்றி, முன்பே தேய்ந்த பிராசசரைச் சீராக்காது. அத்தகையதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதால், பெட்டியில் விற்கப்பட்ட இவ்வகை பிராசசர்களுக்கான உத்தரவாதம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.