திறந்தவெளி ஒலிப்பதிவும் துணைக்கருவிகளும்

எழுத்தில் அமைந்தது நிற்கும். குரலில் பிறந்தது காற்றோடு கலந்துவிடும். இந்நிலையை மாற்றியது 1877-இல் எடிசன் கண்ட போனோகிராப் ஆகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்கார் தர்ஸ்டன் தென்னாட்டு மக்களின் குரல்களை மெழுகு உருளைகளில் பதித்தார். ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிட ஒலியே அடங்கும். மெழுகோ வெயிலுக்கு இளகும். ஈரத்திற்குப் பூஞ்சணம் பூக்கும். எனவே ஒலியைக் குவிக்கும் கூம்புக்கு நிகராக, உருளைகளைக் காக்கும் பெட்டியும் அந்நாளில் இன்றியமையாததாயிற்று.

மின்கலத்தில் இயங்கும் நாடாப்பதிவுக் கருவிகள் வந்தபின் கவலைகள் வேறாயின. சுவிட்சர்லாந்தில் குடெல்ஸ்கி 1951-இல் நாக்ராவை உருவாக்கினார். 1961-இல் வெளிவந்த ஜெர்மானிய ஊகர் கருவி ஐந்து தடித்த டார்ச் பேட்டரிகளில் இயங்கியது. அதன் 13 செ.மீ. சுருளில் 270 மீட்டர் நாடாவைச் சுற்றி, நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓட்டினால் ஏறத்தாழ 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பதியச் செல்வோர்க்கு உபரி நாடாவும் உபரி பேட்டரியும் எத்துணை வேண்டியிருந்தன என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

இன்று நம் கைப்பேசியே பதிவுக்கருவி. எனினும் காற்றின் இயல்பு மாறவில்லை. மே, ஜூன் மாதங்களில் தில்லியில் வீசும் 'லூ' என்னும் அனற்காற்று ஒலிவாங்கியின் மெல்லிய தகட்டைத் தாக்கினால், பாட்டுக்கு மேல் படபடப்பே கேட்கும். இளங்காற்றுக்குப் பஞ்சுறை போதும். வன்காற்றுக்கு மயிருறை வேண்டும். ஒரே திசையை நோக்கும் ஒலிவாங்கி சந்தடியை ஓரளவு குறைக்கும். ஆனால் காற்றுக்கும் கைநடுக்கத்துக்கும் எளிதில் இடம் கொடுக்கும். ஆகவே அதற்கு உறையும் தாங்கியும் தேவை. காதை மூடும் ஹெட்போன் அணிந்து கேட்டாலன்றி இக்குறைகள் பதியும்போதே புலப்படா. மார்கழிக் குளிரில் பேட்டரி விரைவில் தளரும். மாற்று பேட்டரியைச் சட்டைப்பையின் கதகதப்பில் வைத்திருத்தல் நன்று.

இவை அனைத்தினும் மலிவான துணைக்கருவி ஒன்றுண்டு. அதன் அருமையை ஒரு வரலாறு காட்டுகிறது. டச்சு அறிஞர் ஆர்னால்ட் பாகே 1938-இல் தமிழகத்திலும் கேரளத்திலும் கன்னட நாட்டிலும் இசையைப் பதிவு செய்தார். நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் 1984-இல் அப்பதிவுகளுடன் அவர் சென்ற இடங்களை நாடிச் சென்று, அக்கலைகள் எவ்வாறு நின்றன, எவ்வாறு மாறின என்று ஆராய்ந்தனர். ஜைராஸ்பாய் 1982-இல் புணேயில் தொடங்கிய இசையியல் ஆவணக் காப்பகம் பின்னர் தில்லிக்கும், அதன்பின் குருகிராமத்திற்கும் இடம்பெயர்ந்து, நம் அண்டையிலேயே இயங்குகிறது. ஊரும் பேரும் அறியப்படாத ஒலியைக் கொண்டு இத்தகைய மீள்பயணம் இயலுமா? குறிப்பேடே அந்த மலிவான துணைக்கருவி.

தலைநகரில் வாழும் நம் இல்லங்கள் பலவற்றில் தஞ்சை வழக்கிலும் நெல்லை வழக்கிலும் தாலாட்டுப் பாடவல்ல பாட்டிமார் இருக்கின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளோ இந்தியில் விளையாடி ஆங்கிலத்தில் படிக்கின்றனர். பொங்கல் நாளில் மொட்டை மாடியில் அம்முதியோரைப் பாடவைத்துப் பதிவு செய்வோம். முதலில் பாடுவோர் பெயர், பிறந்த ஊர், பாட்டைக் கற்பித்தவர், பதிவு நாள் ஆகியவற்றை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்வோம். பதிவைப் படியெடுத்து ஈரிடங்களில் வைப்போம். வேரறியாது வளரும் தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்லும் செல்வங்களுள் அக்குரலும் ஒன்றாகட்டும்.