மங்கி என்ற ஒற்றைக் காளை: சான்டா கெர்ட்ரூடிஸ் மாடு உருவான கதை

1853-ல் ரிச்சர்ட் கிங் என்ற படகு கேப்டன் தெற்கு டெக்சாஸில் சுமார் 15,500 ஏக்கர் நிலம் வாங்கினார். சான்டா கெர்ட்ரூடிஸ் என்ற ஓடையை ஒட்டிய நிலம். அதுதான் பிற்காலத்தில் கிங் ராஞ்ச் என்ற மாபெரும் பண்ணையானது.

அங்கே மேய்ந்த லாங்ஹார்ன் மாடுகளுக்குக் கொம்புதான் நீளம், சதை குறைவு. சரி, சதைப்பிடிப்புள்ள மாடு வேண்டும் என்று ஷார்ட்ஹார்ன், ஹியர்ஃபோர்டு போன்ற பிரிட்டிஷ் இனங்களைக் கொண்டு வந்தார்கள். அவையோ குளிர்தேசத்து மாடுகள்! வெயில் ஏறினால் மேய்ச்சலை விட்டுவிட்டு நிழல் தேடின. போதாக்குறைக்கு உண்ணித் தொல்லை வேறு. மேயாத மாடு எடை போடுமா? எடை போடாத மாட்டை யார் வாங்குவார்கள்?

இதற்கு விடை இந்தியாவில் இருந்தது. ஓங்கோல், காங்க்ரேஜ், கிர் போன்ற திமில் மாடுகளுக்குக் குட்டை முடி, தொங்கும் தோல். வெப்பத்தையும் உண்ணியையும் நன்றாகவே தாங்கும். நம் நாட்டில் ஏருக்கும் வண்டிக்கும் பாலுக்கும் வளர்த்த மாடுகள் இவை. அமெரிக்காவில் இவற்றைக் கலந்து உருவாக்கிய இறைச்சி மாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? பிராமன்! (சிரிப்பதா, முறைப்பதா என்பது வாசிப்பவர் விருப்பம்.)

1918-ல் கிங் ராஞ்ச், பிராமன் ரத்தம் மிகுந்த 52 காளைகளை வாங்கி ஷார்ட்ஹார்ன் பசுக்களோடு சேர்த்தது. கலப்பு செய்வது சுலபம். கலப்பில் பிறந்ததை மீண்டும் தமக்குள் சேர்த்தால் ஒரு கன்று தாத்தாவைப் போலவும் இன்னொன்று பாட்டியைப் போலவும் பிறக்கும். அதை ஓர் இனம் என்று விற்க முடியாது. ஒரே மாதிரி கன்றுகளைத் தரும் காளை வேண்டும்.

அந்தக் காளை 1920-ல் பிறந்தது. செந்நிறம், நல்ல உடற்கட்டு, பெயர் மங்கி. கிங்கின் பேரன் ராபர்ட் கிளெபர்க் ஜூனியர் துணிந்து மொத்த முயற்சியையும் இதன் மேல் வைத்தார். மங்கியை அதன் சொந்த வழித்தோன்றல்களோடே சேர்த்து அந்தக் குணங்களை நிலைநிறுத்தினார்கள். மறைந்திருக்கும் ஒரு குறை அந்தக் காளையிடம் இருந்திருந்தால் மந்தை முழுக்கப் பரவியிருக்கும். பரவவில்லை. 1932-ல் மங்கி இறந்தபோது இனவிருத்திக்கு உகந்த அதன் மகன்கள் 150-க்கும் மேல்!

எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன், மூன்று பங்கு பிராமன் என்ற கணக்கில் நிலைபெற்ற இந்த மாட்டை 1940-ல் அமெரிக்க வேளாண்துறை தனி இனமாக ஏற்றது. 1952-ல் கிங் ராஞ்ச் இதை ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றியது. இன்றும் உலகில் எங்கு இருந்தாலும் சான்டா கெர்ட்ரூடிஸ் மாட்டின் வம்சாவளி மங்கியிடம்தான் போய்ச் சேருகிறது.