ரியோவில் ஏறிய கொடி

காகிதப்பூவுக்குப் பிறந்த வீடு தென்னமெரிக்கா. 1767-இல், உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பிரெஞ்சுத் தளபதி பூகேன்வில்லின் கப்பல்கள் ரியோ தெ ஜெனிரோவில் நங்கூரமிட்டன. உடன் வந்த தாவரவியலாளர் கொமெர்சோன் அங்கே இந்தக் கொடியைப் பார்த்தார். தளபதியின் பெயரையே அதற்கு வைத்தார். ஆங்கிலேயர் 1761-இல் இடித்துத் தள்ளிய புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

கொமெர்சோனுக்குக் காலில் ஆறாத புண். காடுமேடெல்லாம் அலைந்து செடி சேகரித்தவர் அவருடைய உதவியாளர் ழான் பாரே. கப்பலில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் ஆண் வேடத்தில் ஏறியவர். உலகைச் சுற்றிய முதல் பெண் என்று வரலாறு சொல்வது இவரைத்தான். இந்தக் கொடியை முதலில் பறித்ததும் அவர் கையாகவே இருக்கும் என்று கருதுவோர் உண்டு. ஆனாலும் ஒரு செடிக்கு அவர் பெயர் நிலைக்கும்படி சூட்டப்பட்டது 2012-இல்தான். அதுவும் கத்தரி இனத்துக் காட்டுச் செடி ஒன்றுக்கு.

ஐரோப்பியத் தோட்டங்கள் வழியாக 19-ஆம் நூற்றாண்டில் கொடி இந்தியாவுக்கு வந்தது. இங்கே அதற்கு உறவுக்காரர்களும் இருந்தார்கள்: அந்திமந்தாரையும், வேலியோரத்து மூக்கிரட்டைக் கீரையும் அதே குடும்பம். மணம் இல்லாததால் காகிதப்பூ கூந்தலில் ஏறவில்லை. ஆனால் மதில்மேல் ஏறிவிட்டது. புதுச்சேரி ஆசிரமத்து அன்னை இந்தப் பூவுக்குத் தந்த பொருள் ‘பாதுகாப்பு’.

ஒரு கொத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பாருங்கள். கருஞ்சிவப்பாக மின்னுபவை இதழ்கள் அல்ல, நிறம் மாறிய இலைகள். அந்த மூன்று இலைகளின் நடுநரம்பில் ஒட்டிக்கொண்டு, மெல்லிய குழல்போல, வெளிர்நிறத்தில் நிற்கும் மூன்றுதான் உண்மையான பூக்கள்.

துறைமுகமும் கழிமுகமும் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுக்கு ஏற்ற கொடி இது. உப்புக்காற்றைத் தாங்கும், மணல்மண்ணில் வேர்விடும். வெயில் மட்டும் அரைநாளாவது நேராக விழவேண்டும். பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் ஊன்றினால் போதும். வேர் எளிதில் அறுந்துவிடும். இடம் மாற்றும்போது மண்கட்டி உடையாமல் எடுக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால், ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்யவேண்டும்.

தினமும் நீர் ஊற்றி, யூரியாவும் போட்டு, ‘இலைதான் வருகிறது, பூ வரவில்லை’ என்று பலர் குறைப்படுகிறார்கள். மண் நன்றாகக் காய்ந்தபிறகு ஊற்றுங்கள். கொஞ்சம் தாகத்தோடு விட்டால்தான் காகிதப்பூ பூக்கும்.