என்டர் தி மேட்ரிக்ஸ் (நிகழ்பட ஆட்டம்)

என்டர் தி மேட்ரிக்ஸ் என்பது 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ஓர் அதிரடி நிகழ்பட ஆட்டம் ஆகும். கலிபோர்னியாவில் இயங்கிய ஷைனி என்டர்டெயின்மென்ட் நிறுவனம் இதனை உருவாக்கியது. பிரெஞ்சு நிறுவனமான இன்ஃபோகிராம்ஸ், தன் வசம் வந்திருந்த அடாரி என்ற பழைய பெயரில் இதனை வெளியிட்டது. 'தி மேட்ரிக்ஸ் ரீலோடட்' திரைப்படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த அதே வாரத்தில் இந்த ஆட்டமும் கடைகளுக்கு வந்தது. படத்தின் கதையைத் திரும்பச் சொல்லாமல், படம் காட்டாமல் விட்ட பகுதியைச் சொல்வது இதன் தனித்தன்மை. படத்தோடு இவ்வளவு நெருங்கி நின்றதால் கிடைத்த நன்மைகளும், அதே நெருக்கத்தால் வந்த கேடுகளும் இதில் சேர்ந்தே காணப்படுகின்றன.

திரைப்பட ஆட்டங்களும் நாட்காட்டியும்

வெற்றி பெற்ற படத்தின் பெயரில் ஓர் ஆட்டத்தை விற்பது 1980களின் தொடக்கத்திலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. அதன் ஆபத்தும் அப்போதே தெரிந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' 1982 ஜூனில் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஆட்டம் வேண்டும் என்று அடாரி நிறுவனம் முடிவு செய்தது. நிரலாளர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஐந்து வாரங்கள். இலட்சக்கணக்கில் செய்து குவித்த பெட்டிகள் விற்காமல் திரும்பின. அவற்றில் ஒரு பகுதி நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டது. 2014இல் அவ்விடத்தைத் தோண்டியபோது அவை வெளிப்பட்டன.

இதற்கு மாறான சான்றும் உண்டு. ஜேம்ஸ் பாண்ட் படமான 'கோல்டன்ஐ' 1995 நவம்பரில் வெளியானது. பிரிட்டனின் ரேர் நிறுவனம் நிண்டெண்டோ 64 கருவிக்காகச் செய்த அதன் ஆட்டம் 1997 ஆகஸ்டில்தான் வந்தது. படம் திரையரங்கை விட்டுப் போய் வெகு காலம் ஆகியிருந்தும், அந்த ஆட்டம் 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஷைனியின் நிறுவனர் டேவிட் பெரியின் சொந்த அனுபவமும் இதையே காட்டுகிறது. ஷைனியைத் தொடங்குவதற்கு முன் அவர் நிரலெழுதிய 'அலாதீன்' ஆட்டம், டிஸ்னி படம் வந்து ஓராண்டு கழித்து 1993இல் வெளியாகிப் பாராட்டுப் பெற்றது. காலம் கிடைத்தால் படத்தைச் சார்ந்த ஆட்டமும் நன்றாக அமையும் என்பதை அறிந்தவர்தான், காலம் கொடுக்காத ஒரு பணியை ஏற்றார்.

உருவான விதம்

மேட்ரிக்ஸ் படங்களின் அடிப்படைக் கதை சுருக்கமாக இதுதான். எந்திரங்கள் உலகை வென்று, மனிதர்களை உறக்கத்தில் வைத்து, கணினியில் அமைந்த ஒரு மாய உலகத்துக்குள் வாழச் செய்கின்றன. அதிலிருந்து விடுபட்ட சிலர் சயான் என்ற நிலத்தடி நகரில் வாழ்ந்துகொண்டு, மீண்டும் அந்த மாய உலகுக்குள் நுழைந்து போராடுகிறார்கள். முதல் படம் 1999இல் வந்தது. அதன் இயக்குநர்களான லானா வச்சோவ்ஸ்கி, லில்லி வச்சோவ்ஸ்கி இருவரும் அடுத்த இரண்டு படங்களை ஒரே காலத்தில் எடுக்கத் தொடங்கியபோது, ஆட்டத்தையும் அந்தக் கதையின் ஓர் அங்கமாகவே திட்டமிட்டனர்.

பொதுவாக ஆட்டத்தைச் செய்பவர்களுக்குப் படப்பிடிப்புத் தளத்திலிருந்து சில புகைப்படங்களும் கதைச்சுருக்கமும் மட்டுமே கிடைக்கும். இங்கே அப்படியல்ல. இயக்குநர்களே 244 பக்கங்களில் ஆட்டத்துக்கான உரையாடலை எழுதினர். படத்தில் நடித்த அதே நடிகர்களை, அதே உடையில், அதே அரங்குகளில் வைத்து ஒரு மணி நேர அளவுக்கு ஆட்டத்துக்கென்றே காட்சிகளைப் படம்பிடித்துக் கொடுத்தனர். சண்டை அசைவுகளும் படத்தின் சண்டைப் பயிற்சியாளர் யுவன் வூ பிங் குழுவிடமிருந்தே வந்தன. அதற்கு முன் எந்தத் திரைப்பட ஆட்டத்துக்கும் இந்த அளவு ஒத்துழைப்பு கிடைத்ததாகச் சொல்வது கடினம்.

பணமும் பெரிதாகவே இறங்கியது. இன்ஃபோகிராம்ஸ் 2002இல் ஷைனி நிறுவனத்தை ஏறத்தாழ 4.7 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த விலையில் பெரும்பகுதி மேட்ரிக்ஸ் உரிமைக்காகவே கொடுக்கப்பட்டது எனலாம். ஏற்கெனவே கடன் சுமை கொண்டிருந்த அந்த நிறுவனத்துக்கு இந்த ஆட்டம் குறித்த நாளில் வந்தாக வேண்டும். பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், விண்டோஸ் கணினி ஆகிய நான்குக்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும். படத்தின் வெளியீட்டு நாள் உலகம் முழுவதும் விளம்பரம் செய்யப்பட்டுவிட்டது. அதைத் தள்ளிப்போட ஆட்டத்தைச் செய்தவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

படம் காட்டாத பாதி

ஆட்டத்தில் நியோ நாயகன் அல்லன். ரீலோடட் படத்தில் சிறிது நேரமே வரும் நயோபி, கோஸ்ட் என்ற இருவரே இதில் முதன்மை மாந்தர்கள். லோகாஸ் என்ற கலத்தின் தலைவி நயோபியாக ஜேடா பிங்கெட் ஸ்மித்தும், அவரது துணைவீரர் கோஸ்ட்டாக அந்தோணி வாங்கும் நடித்தனர். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆடலாம்.

கதை ஓர் அஞ்சலகத்தில் தொடங்குகிறது. ஒசைரிஸ் என்ற கலத்தின் வீரர்கள் இறப்பதற்கு முன் அனுப்பிய செய்தி அங்கே இருக்கிறது. இரண்டரை இலட்சம் எந்திரங்கள் சயானை நோக்கி நிலத்தைத் துளைத்து வருகின்றன என்பதே அந்தச் செய்தி. அந்த வீரர்களின் கடைசிப் பயணம், 'தி அனிமேட்ரிக்ஸ்' தொகுப்பிலுள்ள ஓர் அசைவூட்டக் குறும்படத்தில் சொல்லப்பட்டது. செய்தி குறும்படத்தில் அனுப்பப்படுகிறது, ஆட்டத்தில் கைப்பற்றப்படுகிறது, திரைப்படத்தில் அதைப் பற்றிக் கலத் தலைவர்கள் கூடிப் பேசுகிறார்கள். நெடுஞ்சாலைத் துரத்தலில் மார்ஃபியஸ் லாரியின் மேலிருந்து விழும்போது நயோபியின் கார் சரியாக வந்து தாங்குகிறது. படம் மட்டும் பார்த்தவருக்கு அது தற்செயல் போலத் தோன்றும். அவள் அங்கே எப்படி வந்து சேர்ந்தாள் என்பது ஆட்டத்தில் ஒரு முழுக் கட்டம். படத்தில் சில நொடிகளில் முடியும் மின்நிலையத் தகர்ப்பும் ஆட்டத்தில் விரிவாக உண்டு.

எல்லாவற்றிலும் குறிப்பிடத்தக்கது ஆரக்கிள் என்ற முன்னுரைப்பவள் பற்றிய பகுதி. அந்தப் பாத்திரத்தில் நடித்த குளோரியா ஃபாஸ்டர், ரீலோடட் படத்துக்கான தம் காட்சியை முடித்த பின் 2001 செப்டம்பரில் காலமானார். அவருக்குப் பதில் மேரி ஆலிஸ் நடித்தார். தொலைக்காட்சித் தொடர்களில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டுக் கடந்துவிடுவார்கள். இங்கே அந்த இழப்பையே கதைக்குள் கொண்டுவந்தனர்: ஆரக்கிளின் பழைய உடல் பறிபோய்விட்டது, அதற்கு ஒரு விலை இருந்தது என்று அவளே விளக்குகிறாள். புதிய முகம் முதலில் தோன்றியது இந்த ஆட்டத்தில்தான். படம் மட்டும் பார்ப்பவர்கள் அதைக் காண 2003 நவம்பரில் 'தி மேட்ரிக்ஸ் ரெவலூஷன்ஸ்' வரும்வரை காத்திருந்தனர்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. ஆட்டத்தை வாங்காதவருக்கு நயோபியும் கோஸ்ட்டும் திடீரென வந்து திடீரெனப் போகிறவர்களாகவே தெரிந்தனர். சீட்டு வாங்கிப் படம் பார்க்க வந்தவர், கதை புரிய இன்னொரு பொருளையும் வாங்க வேண்டுமா என்ற கேள்வி அன்று எழுந்தது. அது நியாயமான கேள்வியும்கூட.

ஆடும்போது

ஆட்டத்தின் சிறந்த பகுதி 'ஃபோகஸ்' எனப்படும் வசதி. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் சுற்றியுள்ள உலகம் மெதுவாகிவிடும். அப்போது ஆடுபவர் சுவரில் ஓடலாம், காற்றில் புரண்டு சுடலாம், எதிரியின் கையிலிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம். ஃபோகஸ் அளவு தீர்ந்துபோகும்; சிறிது பொறுத்தால் மீண்டும் நிரம்பும். ஒரே பொத்தான், எதிரி நிற்கும் இடத்தையும் திசையையும் பொறுத்து வெவ்வேறு உதையாகவும் பிடியாகவும் மாறுவதால், புதிதாக ஆடுபவரும் படத்தில் வருவது போன்ற சண்டையைச் செய்துவிட முடிகிறது. கறுப்புக் கோட்டு அணிந்த ஏஜென்டுகள் வந்தால் மட்டும் இந்தத் திறமை எதுவும் உதவாது. அவர்களை வெல்ல இயலாது, ஓடித் தப்ப வேண்டும். ஆடுபவருக்கு எப்போதும் வெற்றியைத் தர விரும்பும் இத்துறையில் இது துணிச்சலான முடிவு. கதையின் இயல்புக்கும் பொருந்துகிறது.

ஆனால் நேரம் மெதுவாகும் இந்த உத்தி 2003இல் புதுமையாக இல்லை. முதல் மேட்ரிக்ஸ் படத்தால் புகழ்பெற்ற 'புல்லட் டைம்' உத்தியைப் பின்லாந்தின் ரெமெடி நிறுவனம் 2001இலேயே 'மேக்ஸ் பெயின்' ஆட்டத்தில் கொண்டுவந்துவிட்டது. அசல் தாமதமாக வந்ததால் அதுவே நகல் போலத் தெரிந்தது.

குறைகளில் முதலாவது, முடிக்கப்படாத தன்மை. பாத்திரங்கள் சுவருக்குள் சிக்கிக்கொள்வதும், பார்வைக் கோணம் தவறான பக்கம் திரும்புவதும், பரபரப்பான இடங்களில் காட்சி தடுமாறுவதும் ஆடியவர் பலரின் அனுபவம். விமான நிலையமாகட்டும், சாக்கடைச் சுரங்கமாகட்டும், ஒரே மாதிரியான சாம்பல் நிற நடைபாதைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கதைக்குப் பொருந்தும் இடங்களைச் செய்தார்களே தவிர, அவற்றை நிரப்ப நேரம் கிடைக்கவில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

நெடுஞ்சாலைக் கட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. படத்துக்காக அலமீடாவில், முன்னாள் கடற்படை விமானத் தளத்தில், ஏறத்தாழ ஒன்றரை மைல் நீளத்துக்கு ஒரு சாலையையே கட்டினார்கள். நூற்றுக்கணக்கான வாகனங்கள் அதில் ஓடின. ஆட்டத்திலோ சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. கார் திருப்பினால் திரும்புவதில்லை, திரும்பினால் நிற்பதில்லை. இத்தகைய கட்டங்களில் நயோபியைத் தேர்ந்தவர் வண்டி ஓட்டுவார், கோஸ்ட்டைத் தேர்ந்தவர் சன்னலிலிருந்து சுடுவார். இறுதியில் லோகாஸ் கலத்தை எந்திரங்கள் துரத்தும் கட்டத்திலும் இதே பிரிவினைதான். இரண்டு முறை ஆடத் தூண்டும் நல்ல எண்ணம் இது. ஆனால் மற்றக் கட்டங்களில் இருவரின் வழிகளுக்கும் வேறுபாடு குறைவாக இருப்பதால், இரண்டாம் முறை ஆடுபவர் பெரும்பாலும் பழைய பாதையிலேயே நடக்கிறார்.

முழுமையாகச் செய்யப்பட்ட ஒரு பகுதி, சிலர் பார்க்காமலே விட்ட 'ஹேக்கிங்' பகுதி. முகப்புப் பட்டியிலிருந்து நுழைந்தால், பழைய கணினித் திரை போல வெறும் எழுத்துகள் மட்டும் தோன்றும். கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, மறைந்துள்ள கோப்புகளைத் தேடி, கடவுச்சொற்களைக் கண்டுபிடித்தால், ஆட்டத்துக்குள் புதிய ஆயுதங்களும் காட்சிகளும் திறக்கும். நியோவும் முதலில் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்திருந்த ஒரு நிரலாளன்தான் என்பதை நினைவூட்டும் பகுதி இது. செலவு குறைவு, கற்பனை அதிகம்.

வரவேற்பும் பின்னரும்

விமர்சகர்கள் இரண்டு மனத்தோடு எழுதினர். படத்தோடு இணைந்த கதையையும் ஃபோகஸ் சண்டையையும் பாராட்டியவர்கள், ஆட்டம் அவசரத்தில் முடிக்கப்பட்டது என்பதையும் சுட்டிக்காட்டினர். வாங்குபவர்கள் தயங்கவில்லை. மொத்த விற்பனை 50 இலட்சம் பிரதிகளை எட்டியது. வணிகக் கணக்குப்படி, நாளைத் தவறவிடாமல் வெளியிட்ட முடிவு சரியே.

ஷைனி 2005 நவம்பரில் 'தி மேட்ரிக்ஸ்: பாத் ஆஃப் நியோ' என்ற அடுத்த ஆட்டத்தை வெளியிட்டது. முந்தைய ஆட்டத்தில் ஆடுபவர்கள் கேட்டும் கிடைக்காத நியோ இதில் நாயகன் ஆனான். துரத்த எந்தப் பட வெளியீடும் இம்முறை இல்லை. ஆனால் மேட்ரிக்ஸ் படங்களின் மீதிருந்த ஆர்வமும் அதற்குள் தணிந்திருந்தது. விற்பனை முதல் ஆட்டத்தின் அருகில்கூட வரவில்லை. அதன் முடிவுக் கட்டத்தில் மட்டும் ஒரு சுவையான மாற்றம் உண்டு. மூன்றாம் படத்தில் நியோ தன்னையே பலிகொடுத்து முடிப்பது திரைக்குப் பொருந்தும், ஆட்டத்துக்குப் பொருந்தாது என்று, இயக்குநர்களே சிறு பொம்மை உருவங்களாகத் திரையில் தோன்றி விளக்குகிறார்கள். பிறகு ஸ்மித்துகள் எல்லாரும் ஒன்றாகக் கூடிக் கட்டட உயர ராட்சசனாக எழுகிறார்கள். ஆடுபவர் அவனோடு மோதி முடிக்க வேண்டும்.