டால்ஸ்டாயும் நெக்ராசோவும்: ஒரு கடிதத் தொடர்பு

ஓர் இலக்கியப் படைப்பு அச்சேறும்போது எழுத்தாளனின் கையோடு பத்திராதிபரின் கையும் அரசின் கையும் அதிற் படிவதுண்டு. எது எவர் கை என்பதை அச்சிட்ட பக்கம் காட்டாது, கடிதங்களே காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் டால்ஸ்டாய்க்கும் கவிஞர் நெக்ராசோவுக்கும் இடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து இதற்குத் தக்க சான்றாகும்.

1836இல் புஷ்கின் தொடங்கிய 'சொவ்ரெமென்னிக்' சஞ்சிகையை 1847 முதல் நெக்ராசோவ் பனாயேவுடன் இணைந்து நடத்திவந்தார். 1852 ஜூலையில் கக்கேசியப் பகுதியிலிருந்து ஒரு கையெழுத்துப் பிரதி அவருக்கு அனுப்பப்பட்டது. பெயரின் முதலெழுத்துக்கள் மட்டுமே அதில் ஒப்பமாக இருந்தன. அனுப்பியவர் அங்கு படையிற் பணியாற்றிய இருபத்துமூன்று வயது இளைஞரான டால்ஸ்டாய். பிரதி ஏற்கப்படாவிடின் அதனைத் திருப்பியனுப்புவதற்கான பணத்தையும் அவர் உடன் வைத்திருந்தார். முன்பின் அறியாத அவ்விளைஞரின் ஆற்றலை நெக்ராசோவ் உடனே இனங்கண்டார். முதற் படைப்புக்குச் சன்மானம் வழங்கும் வழக்கமில்லை என்றும், இனி வருவனவற்றுக்கு அச்சுத்தாள் ஒன்றுக்கு 50 வெள்ளி ரூபிள் வழங்கப்படும் என்றும் பின்னர் அவர் அறிவித்தார்.

அவ்வாண்டு செப்டெம்பர் இதழிற் படைப்பு வெளிவந்தது. 'குழந்தைப் பருவம்' என்ற தலைப்பு 'எனது குழந்தைப் பருவத்தின் வரலாறு' என மாறியிருந்தது. சில பகுதிகளும் நீக்கப்பட்டிருந்தன. தன் சொந்த வரலாறாகப் படைப்பைச் சுருக்கிய அத்தலைப்பு டால்ஸ்டாயைச் சினங்கொள்ள வைத்தது. நவம்பரில் அவர் எழுதிய கடுமையான கடிதம் அனுப்பப்படவில்லை. தணிந்த தொனியில் மீண்டும் எழுதியதே சென்றது. ஆயினும் அவர் பத்திராதிபர்மீது சுமத்திய குறைகளுள் தணிக்கையாளரின் செயல்களும் அடங்கியிருந்தன.

மூன்றாண்டுகளின் பின் நிலைமை வேறாயிற்று. கிரிமியப் போர்முனையை நேரிற் கண்டு டால்ஸ்டாய் எழுதிய இரண்டாவது செவஸ்தப்போல் சித்திரத்தைத் தணிக்கையாளர் சிதைத்தனர். 1855 ஆகஸ்ட் இதழில் அது ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. செப்டெம்பரில் எழுதிய கடிதத்தில் நெக்ராசோவ் இச்சிதைவு குறித்துக் கொதிப்புற்றார். கோகோலின் மறைவுக்குப்பின் ரஷ்ய இலக்கியத்தில் அரிதாகிவிட்ட உண்மையே சமூகத்தின் இன்றைய தேவையென்றும், அவ்வுண்மை டால்ஸ்டாயிடம் உண்டென்றும் வலியுறுத்தினார்.

1852இல் எழுத்தாளன் பத்திராதிபரை நோக்கிக் குற்றஞ்சாட்டினான். 1855இல் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றனர். இடையில் நின்ற தணிக்கை என்னும் மூன்றாங் கையை இனங்கண்டமையே இம்மாற்றத்தின் அடிப்படை எனலாம். 'சொவ்ரெமென்னிக்' 1866இல் அரசினால் மூடப்பட்டது. அது வெளியிட இயலாதுபோன பகுதிகளுக்கு எவர் பொறுப்பு என்பதை அறிய, இக்கடிதங்கள் இன்றும் உதவுகின்றன.